கரண்டியைச் சாய்த்தால்

கஞ்சி கொடுக்கலாம் என்று எழுதிவிட்டு
எந்தக் கஞ்சி என்று நான் கேட்பதற்குள்
டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பென்னாகரத்துக்காரி நான்.
நொய்யும் தண்ணீரும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்தபடி
ஒரே சட்டியில் கிடந்தால் அது கஞ்சி.
ராகி மாவாகி, ஒரு ராத்திரி புளித்து,
நொய்யோடு வெந்து, மறுநாள் மோரில் கரைந்தால் கூழ்.
நட்டுவைத்த துடுப்பு சாயாமல் நின்றால் களி.
இதில் எனக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை,
தேன்கனிக்கோட்டைக்கு வாக்கப்படும் வரை.

அங்கே களிக்கு முத்தே என்று பெயர்.
அதில் உப்புப் போட்டுவிட்டேன் என்று
ஒரு தீபாவளி முழுக்க என்னோடு பேசவில்லை திம்மராயன்.
கூழும் கிடையாது. அம்பலி.
நொய்யே இல்லாமல், வழவழவென்று,
அவர் அம்மா கைப்பக்குவத்தில் இன்னும் கெட்டியாக.
இதில் போஸ்டர் ஒட்டலாம் என்பேன்.
உன் கூழில் பல் தேயுது,
சோறு வேணும்னா சோறு வடி என்பார்.
இருபத்திரண்டு வருஷம்.
நான் அம்பலி செய்யவில்லை.
அவர் என் கூழைக் குறை சொல்லாமல் குடிக்கவில்லை,
சொம்பில் மிச்சம் வைத்ததுமில்லை.

கஞ்சிக்கு மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே பெயர்.
காய்ச்சல்காரரோடு யார் சண்டை பிடிப்பது.

கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் ஏற்றிக்கொண்டிருந்தவர்
மெஷினை நிறுத்தக் கையைத் தூக்கினாராம்,
கை வரவில்லையாம்.
கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது
மூக்கில் குழாய் இருந்தது.

வடிகட்டிக் குடுங்க, கட்டி தட்டினா அடைச்சுக்கும்
என்றார் நர்ஸ் ஜெனிட்டா.
பழையபேட்டையில் தங்கச்சி வீட்டு அடுப்பில்
சாமை நொய்யைக் குழையக் குழைய வேகவைத்து
டீ வடிகட்டியில் ஒரு தடவை, துணியில் ஒரு தடவை.
ஊசி இல்லாத பெரிய ஊசிக்குழலில் ஊற்றி
கை கடுக்க உயர்த்திப் பிடித்தேன்.
மெல்ல மெல்ல இறங்கியது.
நாக்கைத் தொடாமலே போகிறது.
சாமையா அரிசியா, புளிப்பா சப்பா,
என் ஊரா அவர் ஊரா,
குழாய் எதையும் கேட்பதில்லை.
கல்யாணமாகி முதல் தடவையாக
நான் சமைத்ததில் அவர் குறை சொல்லவில்லை.
வார்டுக்கு வெளியே வந்து
குழாயடியில் ஊசிக்குழலைக் கழுவினேன்,
ரொம்ப நேரம்.

மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.
குழாய் எடுத்ததும் தண்ணீர். அப்புறம் கஞ்சி.
கஞ்சியிலிருந்து கூழ். கூழ் ஏறினால் களி.
களி ஏறினால் வீடு.

பதினோராம் நாள் எடுத்தார்கள்.
டம்ளரோடு போன என் கையை
ஓடிவந்து பிடித்துக்கொண்டாள் ஃபர்ஹானா,
பேசவும் விழுங்கவும் பழக்குகிற பொண்ணு.
தண்ணிதாம்மா ஆபத்து.
தொண்டை மூடறதுக்குள்ள ஓடி நெஞ்சுல இறங்கிடும்.
கெட்டியா வேணும். உருண்டையாவும் ஆகக்கூடாது.
நொய், திப்பி ஒண்ணும் இருக்கக்கூடாது, வழவழன்னு.
கரண்டியைச் சாய்ச்சா ஊத்தக்கூடாது. விழணும்.
மெதுவா விழணும்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
செத்துப்போன என் மாமியாரின் அம்பலிக்கு
அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்,
சின்னப் பொண்ணு, தேன்கனிக்கோட்டையைப் பார்த்திருக்கக்கூட மாட்டாள்.

மாவைச் சலித்தேன், திரும்பவும் சலித்தேன்.
முதல் சட்டி கட்டி தட்டியது, தங்கச்சி வீட்டு ஆட்டுக்கு.
இரண்டாவது ஓடியது.
மூன்றாவதில் கரண்டியைச் சாய்த்தேன்.
யோசித்தது.
அப்புறம் விழுந்தது.

தாடையைக் கீழே இறக்கி முழுங்குங்க, என்றாள் ஃபர்ஹானா.
முழுங்கினார்.
வலது கடைவாயில் கொஞ்சம் வழிந்தது, துடைத்தேன்.
நாக்கு உள்ளே எதையோ தேடிச் சுற்றியது.
உ, என்றார். உப்.
உப்பு இல்லை என்கிறாரா,
உப்பு எதற்கு என்கிறாரா?
தெரியவில்லை. ஆனால் அது குறைதான்.
அந்த முகத்தை எனக்குத் தெரியாதா,
பாதி முகத்தில்தான் வந்தது, வந்துவிட்டது.

போஸ்டர் ஒட்டலாம் போல இருக்கு என்று சொல்லிவிட்டு
அடுத்த கரண்டியை அள்ளி
சாய்த்துப் பார்த்தேன்.